அந்த அவசரத்துக்கு ஒரு மாத்திரை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பெரும்பாலான வேலைகள் நின்றபடியே நடப்பவை. லெபோ பாசாரில் சேலை விரித்துக் காட்டுகிறவர், லெபோ பினாங்கில் நகைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவர், லெபோ குயினில் மகா மாரியம்மன் கோவில் பக்கம் மாலை கட்டுகிறவர், ஐந்தடி நடைபாதையில் வடை சுடுகிறவர் என்று யாரை எடுத்தாலும், காலையில் கடை திறந்தால் இரவு அடைக்கும்வரை இடத்தை விட்டு நகர்வது கடினம். பழைய கடைவீடுகளில் கழிப்பறை பின்கட்டின் கோடியில் இருக்கும். தனி ஆளாகக் கடையில் இருப்பவர் அங்கே போய்வர வேண்டுமென்றால் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். மணிக்கொரு தரம் அப்படிச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

இந்த வட்டாரத்தில்தான் மருந்தகராக என் வேலைக் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறேன். ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், மூட்டுவலி எல்லாவற்றையும் உரக்கப் பேசும் நம் மக்கள், சிறுநீரை அடக்க முடியாததைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். பெரியவர்களுக்கான டயாப்பர் கேட்டு வருவார்கள். "வீட்டுல அம்மாவுக்கு" என்பார்கள். அளவு கேட்டால் தங்கள் இடுப்பளவைச் சொல்வார்கள். ஆண்கள் கடையில் ஆள் குறையும்வரை இருமல் மருந்து அடுக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் பெண் என்பதால் அவர்களுக்கு இன்னும் தயக்கம். கடைசியில், "மிஸ், ஒண்ணுக்கு அடிக்கடி வருது, ஒரு மாத்திரை இருந்தா குடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள்.

அந்த மாத்திரையைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். அது நல்ல மருந்து. பலருக்குத் தூக்கத்தையும் வெளியே போகும் தைரியத்தையும் திருப்பித் தந்திருப்பதை நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் மற்றவர்களிடமிருந்து மறைத்துச் சாப்பிடும்போது அதே மருந்து ஆபத்தாகிவிடுகிறது. வெட்கத்தின் காரணமாக ஒரு மருத்துவருக்குத் தெரிந்தது இன்னொரு மருத்துவருக்குத் தெரியாமல் போகிறது. கணவருக்கு, மகளுக்கு, மருந்துக் கடைக்குத் தெரியாமல் போகிறது. என் அனுபவத்தில் நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே தொடங்கின.

முதலில் இந்த நோய் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப்பை நிறைந்துகொண்டே வரும்போது அதன் சுவரிலுள்ள தசை அமைதியாக இருக்க வேண்டும். போகலாம் என்று நாம் முடிவெடுத்த பிறகுதான் அது சுருங்க வேண்டும். சிலருக்குப் பை பாதிகூட நிறையாத நிலையிலேயே அந்தத் தசை தன்னிச்சையாகச் சுருங்கத் தொடங்கும். அப்போது எழும் அவசரம் சாதாரண அவசரம் அல்ல; நிறுத்தி வைக்க முடியாத, தள்ளிப்போட முடியாத அவசரம். அதோடு பகலில் எட்டு முறைக்கு மேல் போக வேண்டியிருக்கும், இரவில் எழ வேண்டியிருக்கும். சிலருக்குக் கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் கசிந்துவிடும். சர்வதேச அளவில் மருத்துவர்கள் 2002-இல் வகுத்த வரையறையும் இந்த அவசரத்தைத்தான் மையமாக வைக்கிறது. சிறுநீர்த் தொற்றோ வேறு தெளிவான காரணமோ இல்லாதபோதுதான் அதை இந்த நோய் என்று சொல்ல வேண்டும் என்றும் அது சொல்கிறது.

அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் மக்கள் மறந்துவிடுகிறார்கள். அடிக்கடி சிறுநீர் வருவதெல்லாம் சிறுநீர்ப்பையின் குற்றம் அல்ல. மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகமாகச் சுரக்கும். அப்படிப்பட்டவருக்குச் சிறுநீர்ப்பை மாத்திரை கொடுத்தால் நோய் மறைந்து நிற்கும், சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். அதனால் கடையில் யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்பது, கடைசியாகச் சர்க்கரை பார்த்தது எப்போது என்பதுதான். எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம் ஏதாவது இருந்தால் கேள்வியை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். வலியே இல்லாமல் ரத்தம் மட்டும் வந்தால் அதைத்தான் இன்னும் அவசரமாகப் பார்க்க வேண்டும்.

அடுத்து, அவர் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள். காலில் நீர் கோத்திருப்பதற்காகக் கொடுக்கும் நீர் மாத்திரையை மாலையில் போட்டால் இரவு முழுவதும் எழ வேண்டியதுதான். நீரிழிவுக்குத் தரும் மருந்துகளில் ஒரு வகை, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது. அதுவும் சிறுநீரைக் கூட்டும். ரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கத்தைக் கொடுக்கும். பகலெல்லாம் நின்று வேலை செய்து காலில் தங்கிய அந்த நீர், இரவில் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக இறங்கும். ஒரு சேலைக் கடையில் வேலை பார்த்த அண்ணன் ஒருவருக்கு இரவில் எழுவதுதான் பெரிய குறை. அவர் நீர் மாத்திரையை எப்போது போடுகிறார் என்று கேட்டேன். காலையில் போட்டால் கடையில் வேலை கெடுகிறதென்று, யாரிடமும் சொல்லாமல் இரவுக்கு மாற்றியிருந்தார். மருத்துவரிடம் பேசி, அதைப் பிற்பகலின் தொடக்கத்துக்கு மாற்றியதுமே இரவு எழுவது வெகுவாகக் குறைந்தது. அவருக்குப் புதிய மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை.

மாலை கட்டும் அக்கா ஒருவருக்கு நடந்தது வேறு. அவரிடம் மூன்று நாளைக்கு ஒரு தாளில் எழுதச் சொன்னேன்: என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எப்போது அவசரம் வந்தது, எப்போது கசிந்தது. மருத்துவமனைகளில் இதற்கு அச்சிட்ட படிவமே உண்டு. பூக்கட்டும் விரலால் அவர் நுணுக்கி நுணுக்கி எழுதிக்கொண்டு வந்த தாளில், காலையிலிருந்து மாலைவரை தே தாரிக்கும் கோப்பியும் வரிசையாக இருந்தன. தண்ணீர் மட்டும் இல்லை. அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரை நிறுத்திவிட்டிருந்தார். தேநீரிலும் கோப்பியிலும் உள்ள காஃபின் சிறுநீரையும் கூட்டும், சிறுநீர்ப்பையையும் தூண்டும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிச் சிலருக்கு அவசரத்தை மேலும் கூட்டும், மலச்சிக்கலையும் கொண்டுவரும். மலக்குடல் நிறைந்து கிடந்தால் சிறுநீர்ப்பையை அழுத்தும். அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார். மருத்துவர் சிறுநீர்ப் பரிசோதனை செய்து தொற்று இல்லையென்று உறுதி செய்த பிறகுதான் மாத்திரை எழுதித் தந்தார். இந்த வரிசையில் நடந்தால் பாதி அபாயம் தொடக்கத்திலேயே நீங்கிவிடும்.

இந்த நோய்க்கான மாத்திரைகளை இரண்டு வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம். ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சொலிஃபெனாசின் போன்றவை பழைய, பெரிய குடும்பம். சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் செய்தி அசிட்டைல்கோலின் என்ற பொருளின் மூலம் போகிறது. இந்த மருந்துகள் அந்தச் செய்தியைத் தசையில் சேரவிடாமல் தடுக்கின்றன. இரண்டாவது வகையில் மிராபெக்ரான். 2011-இல் ஜப்பானில் முதலில் அனுமதி பெற்றது. அது செய்தியைத் தடுப்பதில்லை. நிறையும் நேரத்தில் தசையைத் தளரச் சொல்லும் வேறொரு வாசலைத் திறக்கிறது.

முதல் குடும்பத்தைப் பற்றி வயதானவர்களுக்கு விளக்கும்போது நான் ஊமத்தையைச் சொல்வேன். ஊமத்தங்காய் விஷம் ஏறினால் என்ன ஆகும் என்று ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வாய் வறளும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், வியர்வை நின்று உடம்பு கொதிக்கும், சிறுநீர் கட்டும், மனம் பிதற்றும். அதற்குக் காரணமான அட்ரோபீனும் ஸ்கோபலமீனும் அசிட்டைல்கோலினைத் தடுப்பவைதான். சிறுநீர்ப்பை மாத்திரைகள் அதே வழியில், மிகக் குறைந்த, அளந்த வலுவில், கூடியவரை சிறுநீர்ப்பையைக் குறிவைத்து வேலை செய்யும்படி உருவாக்கப்பட்டவை. ஆனால் அசிட்டைல்கோலின் வாயிலும் கண்ணிலும் குடலிலும் மூளையிலும் வேலை செய்கிறது. ஆகவே அங்கேயும் கொஞ்சம் கை வைக்கத்தான் செய்யும். இதைச் சொன்ன பிறகு, வாய் வறட்சி வந்தால் யாரும் பயந்து மருந்தை வீசுவதில்லை. மனக் குழப்பம் வந்தால் அலட்சியமாகவும் இருப்பதில்லை.

மலேசியாவில் இம்மருந்துகளை மருத்துவர் எழுதித் தந்துதான் வாங்க வேண்டும். நச்சுப் பொருள் சட்டம் 1952-ஐ வெறும் கெடுபிடி என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தக் குடும்ப மருந்துகளைப் பொறுத்தவரை அந்தச் சீட்டுக்குப் பின்னால் இருப்பவை மருத்துவர் கேட்டாக வேண்டிய சில கேள்விகள். கண் நீர் அழுத்த நோயில் குறுகிய கோண வகை உண்டா? சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் பையில் தங்குகிறதா? குடல் அடைப்பு வந்ததுண்டா? சிறுநீரகம், கல்லீரல் எப்படி? சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவருக்குச் சொலிஃபெனாசினை நாளுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் தரக்கூடாது. நீரிழிவு நீண்ட நாள் இருந்தவர்கள் நிறைந்த நம் சமூகத்தில் இந்தக் கேள்வி மிக அவசியம். அண்ணனுக்கு எழுதிய மாத்திரையைத் தங்கைக்கு எடுத்துக் கொடுப்பது எவ்வளவு தவறு என்பது இதிலேயே விளங்கும்.

இனி என் தொழிலின் மையத்துக்கு வருகிறேன்: மருந்துப் பை. நம் நாட்டில் தனியார் கிளினிக் மருத்துவரே மருந்தையும் கொடுத்துவிடுவார். நீரிழிவுக்கும் கொதிப்புக்கும் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு பை. காய்ச்சல், சளிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள். தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர் கையில் அங்கே வாங்கிய அட்டைகள். இதற்கு நடுவில் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைப்பவை. ஒவ்வொருவரும் தாம் கொடுத்ததை மட்டும் அறிவார்கள். எல்லாம் சேர்ந்து போகும் இடம் ஒரே உடம்பு.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் பல வருடங்களாக என்னிடம் வருபவர். ஒரு முறை அவருடைய மருமகள் தனியாக வந்தாள். "மாமா ராத்திரியில ஆள் தெரியாம பேசுறாரு மிஸ். வயசாயிடுச்சின்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா போன மாசம்கூட நல்லாத்தான் இருந்தாரு" என்றாள். வயதுதான் காரணமென்றால் ஒரு மாதத்தில் அப்படி மாறாது. வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துவரச் சொன்னேன். மேசைமேல் பரப்பிப் பார்த்தபோது சிறுநீர்ப்பைக்கான மாத்திரைகள் இரண்டு இருந்தன. ஒன்று ஓரிடத்தில் வாங்கியது, இன்னொன்று வேறோரிடத்தில். பெயர் வேறு, வேலை ஒன்று. இரண்டாவது மருத்துவரிடம் முதல் மாத்திரையைப் பற்றிச் சொல்ல அவர் கூச்சப்பட்டிருக்கிறார். அதோடு நீரிழிவால் வந்த கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின். தூக்கம் வருகிறதென்று இரவில் போட்டுக்கொண்ட சளி மாத்திரை, குளோர்பெனிரமின். நான்குமே அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. ஒவ்வொன்றும் தனித்தனியே பொறுக்கத்தக்கது. நான்கும் ஒன்றுசேர்ந்து எழுபது வயதைத் தாண்டிய மூளையை முடக்கிவிட்டன. அவருடைய மருத்துவர்களிடம் பேசினேன்; எதை நிறுத்துவது, எதை மெல்லக் குறைப்பது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். சில வாரங்களில் பெரியவர் தாமே நடந்து கடைக்கு வந்தார்.

இந்தக் கூட்டுச் சுமையை மருத்துவ உலகம் இப்போது மிகவும் கவனிக்கிறது. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் வெளியிட்டார். இன்றும் அவர் பெயரிலேயே புதுப்பிக்கப்படும் அந்தப் பட்டியல், மறதி நோயும் மனக் குழப்பமும் உள்ளவர்களுக்கு இந்தக் குடும்ப மருந்துகளைத் தவிர்க்கச் சொல்கிறது. 2015-இல் சியாட்டில் பகுதியில் 65 வயதைக் கடந்த 3,434 பேரை வைத்து வெளியான ஆய்வு, இவ்வகை மருந்துகளை நீண்ட காலம், அதிக அளவில் சாப்பிட்டவர்களிடம் மறதி நோய் கூடுதலாகக் காணப்பட்டது என்றது. மருந்தே அதற்குக் காரணமென்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் வயதானவருக்குக் கொடுக்கும்போது குறைந்த அளவு, குறைந்த காலம் என்று எச்சரிக்கையாக இருப்பதற்கு அது போதும்.

மறதி நோயுள்ளவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. ஞாபகத்துக்காகக் கொடுக்கும் டொனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலினைக் கூட்டுகிறது. அதன் பக்கவிளைவாகச் சிலருக்குச் சிறுநீர் அவசரம் வரும். அதைப் புதிய நோயென்று நினைத்து அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்தால், ஒரு மருந்து கூட்டுவதை இன்னொன்று தடுக்கும். பாட்டியைப் பராமரிக்கும் பேத்திகளிடம் நான் சொல்வது இதுதான்: புதிய தொல்லை எது வந்தாலும், அதற்கு முந்தைய ஒன்றிரண்டு மாதத்தில் என்ன மருந்து தொடங்கினார்கள் என்று பாருங்கள்.

ஆண்களுக்குச் சற்றே வேறு கவனம் வேண்டும். வயதான ஆண்களில் பலருக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கும். வழி குறுகியிருப்பதால் சிறுநீர் முழுதும் வெளியேறாது. மிச்சம் பையில் தங்குவதாலும் அடிக்கடி போக வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவருடைய சிறுநீர்ப்பைத் தசையையும் தளர்த்திவிட்டால் சிறுநீர் மொத்தமாகக் கட்டிவிடலாம். ஆகவே போய்வந்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேன் செய்து பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். இப்படி ஒழுங்காகப் பார்த்து மாத்திரை பெற்றவர்கூட, மூக்கடைப்புக்காகச் சூடோஎபெட்ரின் கலந்த சளி மருந்தை எடுத்தால் சிறுநீர் கட்டக்கூடும். அடிவயிறு வீங்கி, வலித்து, ஒரு சொட்டும் போகவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இதனால்தான் சளி மருந்து கேட்டு வரும் ஆண்களிடமும் நான் சிறுநீர் பற்றிக் கேட்கிறேன். முதலில் முகம் சுளிப்பார்கள். காரணம் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மிராபெக்ரான் வாயையும் குடலையும் மூளையையும் இந்த அளவுக்குத் தொடாது என்பதால் வயதானவர்களுக்குப் பல மருத்துவர்கள் அதை விரும்புகிறார்கள். ஆனால் அது ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும். மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 110-ஐயோ எட்டி, கட்டுக்குள் வராத கொதிப்பு உள்ளவருக்கு அதைக் கொடுக்கக்கூடாது. தொடங்குவதற்கு முன்பும் பிறகும் அழுத்தத்தை அளந்து குறித்துவைக்கச் சொல்வேன். இதயத் துடிப்புக்கும் கொதிப்புக்கும் தரும் மெட்டோபுரோலால் உடம்பில் தங்கும் அளவை அது கூட்டும். டிகாக்சினோடும் எச்சரிக்கை வேண்டும். மாத்திரையை முழுதாக விழுங்க வேண்டும். மருந்தை மெல்ல மெல்ல விடுவிக்கும்படி செய்யப்பட்டது அது. விழுங்கச் சிரமமென்று பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தால் அந்த அமைப்பே கெட்டுவிடும். பெயரில் நீள்விடுவிப்பு என்ற குறி உள்ள எந்த மாத்திரைக்கும் இதுவே விதி.

எதிர்பார்ப்பையும் சரியாக அமைத்துத்தான் அனுப்ப வேண்டும். தைப்பூசம் நெருங்கும்போது ஒவ்வோர் ஆண்டும் யாராவது வந்து கேட்பார்கள். லெபோ பினாங்கு கோவில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தோடு தண்ணீர்மலை வரைக்கும் நடக்க வேண்டும், அந்த ஒரு நாளைக்கு மட்டும் மாத்திரை கிடைக்குமா என்று. இது தலைவலி மாத்திரை போல உடனே கேட்காது. பலன் தெரியத் தொடங்க ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம். முழுப் பலனை எடைபோட 4 முதல் 8 வாரம் வேண்டும். மேலும், முதல் குடும்ப மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். தார்ச்சாலையின் வெயிலில் மணிக்கணக்காக நடப்பவருக்கு வியர்வை குறைந்தால் உடம்புச் சூடு ஏறி மயக்கம் வரலாம். ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்களிடம் நிழலில் நில்லுங்கள், தண்ணீர்ப் பந்தலில் இனிப்புச் சர்பத்தைவிட வெறும் தண்ணீரைக் குடியுங்கள், தலை சுற்றினால் நடையை நிறுத்துங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

நோன்பு மாதத்தில் தமிழ் முஸ்லிம் பெரியவர்களின் கவலை வேறு. கசிந்தால் தொழுகைக்கு முன் செய்த ஒளு முறிந்துவிடும். கப்பித்தான் கிளிங் பள்ளியில் தராவீஹ் தொழுகையில் கடைசி வரிசையில், வாசலையொட்டி நிற்பதாக ஒருவர் என்னிடம் சொன்னார். அவருக்கு இந்த மருந்து எத்தனை பெரிய விஷயம் என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது. பகலெல்லாம் தண்ணீரில்லாமல் இருக்கும்போது வாய் வறட்சி கூடுதலாக வாட்டும். நாளுக்கு ஒரு முறை போடும் மாத்திரையாக இருந்தால் நோன்பு திறந்த பிறகு எடுத்துக்கொள்ளும்படி மருத்துவரிடம் கேட்டு மாற்றலாம். தாமாகவே ஒரு மாதத்துக்கு நிறுத்திவிட்டுப் பிறகு தொடங்குவதைவிட அது நல்லது.

வாய் வறண்டால் சர்க்கரை மிட்டாய் சப்புவது நம்மவர்களின் பழக்கம். நீரிழிவு உள்ளவருக்கு அது கேடு. எச்சில் குறைந்த வாயில் பல்லுக்கும் கேடு. அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர், சர்க்கரையில்லாத சூயிங்கம், காலை மாலை பல் துலக்குவது ஆகியவை போதும். மலச்சிக்கலைத் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும். பார்வை மங்கினால் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. கண் சிவந்து வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சொலிஃபெனாசின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 45 முதல் 68 மணி நேரம் எடுக்கும். ஆகவே நிறுத்திய மறுநாளே தொல்லை தீரவில்லையே என்று பதறவும் வேண்டாம், ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகப் போடவும் வேண்டாம்.

இன்னும் சில பழக்கங்களை நான் ஓயாமல் வலியுறுத்துவேன். கிளினிக் பையில் மருந்தின் பெயர் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாக மக்களுக்குச் சொல்லி வந்ததும் இத்தகைய உரிமைகளைத்தான். இணையத்தில் மலிவாக வரும் மாத்திரைப் பெட்டியில் மலேசியப் பதிவு எண்ணும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இல்லையென்றால் வாயில் போடாதீர்கள். பேரப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பெரியவரின் ஒரு மாத்திரை குழந்தைக்கு விஷமாகலாம். தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது; அப்படி ஏதாவது நேர்ந்தால் மருத்துவமனை மருத்துவர்களே ஆலோசனை கேட்கும் இடம் அது.

மாத்திரை மட்டும் தனியாகப் போதாது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அவசரம் வந்ததும் ஓடாமல், நின்ற இடத்திலேயே நின்று, இடுப்படித் தசைகளை இறுக்கிப் பிடித்து, அலை தணிந்த பிறகு மெதுவாக நடந்து போகப் பழக வேண்டும். மணிக்கொரு தரம் போகிறவர் கால் மணி நேரம் தள்ளிப்போடப் பழகி, அதைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். மாலை கட்டும் அக்கா இரண்டையும் சேர்த்தே செய்தார். கோப்பியைக் குறைத்தார், தண்ணீரைத் திரும்பத் தொடங்கினார், பூக்கட்டிக்கொண்டே தசைப் பயிற்சி செய்தார், மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டார். இரண்டு மாதம் கழித்து மருத்துவர் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்து அளவை அப்படியே வைத்தார். பின்னர் ஒரு நாள், குறைத்துப் பார்க்கலாம் என்று அந்த மருத்துவரே சொன்னார். எனக்குப் பிடித்த மருந்துச் சீட்டு அப்படிப்பட்டதுதான்: எதற்காகத் தொடங்கினோம், எப்போது மறுபடி பார்ப்போம் என்று தெரிந்திருக்கும் சீட்டு. வருடக் கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையைக் கண்டால் எனக்குக் கவலை வரும்.

மருந்துக்குப் பயந்து ஒன்றும் செய்யாமல் இருப்பதும் பாதுகாப்பு அல்ல. இருட்டில் கழிப்பறைக்கு ஓடி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டிகள் உண்டு. கசிவுக்குப் பயந்து கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் போவதை விட்டு, அந்தக் காரணத்தைப் பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் வீட்டுக்குள் ஒடுங்கியவர்களை இந்தத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். இது வயதானால் வருவது, பொறுத்துக்கொள்ள வேண்டியது என்று யாரும் அவர்களிடம் சொல்லிவிடக் கூடாது. இதற்கு மருத்துவம் உண்டு. பல வகை உண்டு. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையென்றால் இன்னொன்று, அதுவும் உதவவில்லையென்றால் சிறுநீர்ப்பைச் சுவரில் போடும் ஊசி என்று நிபுணர்களிடம் வழிகள் இருக்கின்றன.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன். இந்த நோயுள்ளவர் தாமாக வந்து சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். கொதிப்பு மருந்தைக் கொடுக்கும்போதே, குரலைத் தணித்து, "ஒண்ணுக்கு எப்படிப் போகுதும்மா? ராத்திரியில எத்தனை தடவ எழுந்திரிக்கிறீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். இதை வாசிக்கிறவர்களிடம் கேட்பதும் அதுபோல எளியது. வீட்டிலுள்ள எல்லா மருந்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் சிறுநீர்ப்பை மாத்திரையின் பெயரை விட்டுவிடாதீர்கள். எந்த மருத்துவரைப் பார்த்தாலும், எந்த மருந்துக் கடைக்குப் போனாலும், ஒரு சளி மாத்திரை வாங்குவதானாலும் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.